அபிஷாவை வத்தளைக்கு அனுப்பும் முன்

அன்புள்ள மகன் ரவிக்கு,

முதலில் என் கையெழுத்தைப் பொறுத்துக்கொள். கோடு போட்ட தாளில்தான் எழுதுகிறேன், ஆனாலும் எழுத்துகள் கோட்டில் நிற்க மாட்டேன் என்கின்றன. ஒன்று கட்டைவிரல் பருமனில் இருக்கிறது, அடுத்தது எறும்பு போல இருக்கிறது. காலமெல்லாம் கவ்வாத்துக் கத்தி பிடித்துத் தேயிலை வெட்டிய கை இது. பென்சிலையும் அந்தக் கத்தியைப் பிடிப்பது போலவே பிடிக்கிறது, முனை உடைந்துபோகிறது. பேனாவுக்கு மாறினேன், தாள் கிழிந்தது. முன்பள்ளி மேரி டீச்சரிடம் காட்டி எழுத்துப் பிழையை மட்டும் திருத்தி வாங்கிக்கொண்டு, அதைப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன். பேச்செல்லாம் என்னுடையது. முதல் பக்கம் நிரம்பியதும் எனக்குச் சந்தோசம் தாங்கவில்லை. தாளைத் தூக்கிக்கொண்டு போய்ச் செல்வியிடம் காட்டினேன். அவள் பார்த்தாள், நல்லா இருக்கு மாமா என்றாள், சிரிக்கவில்லை. நீ போனில் சத்தம் போட்ட நாளிலிருந்து உன் மனைவி சிரிக்கவில்லை.

அன்றைக்கு நீ பேசினாய், நாங்கள் கேட்டோம். சனிக்கிழமை வருகிறேன், பிள்ளையை வத்தளையில் அக்கா வீட்டில் கொண்டுபோய் விடுகிறேன், முதலாம் ஆண்டை அங்கேயே படிக்கட்டும், அப்பாவை நம்பி இனி ஒரு நாளும் விட மாட்டேன் என்று சொன்னாய். நான் பதில் சொல்ல வாயைத் திறப்பதற்குள் போனை வைத்துவிட்டாய். நீ வேலை செய்யும் ஹோட்டலில் அது மதியச் சாப்பாட்டு நேரம், உனக்கு நிற்க நேரமிருக்காது, அது எனக்குத் தெரியும். போனில் எனக்கும் பேச வராது. தாளில் என்றால் என்னை யாரும் இடையில் வெட்ட முடியாது. அதனால்தான் எழுதுகிறேன். இது சனிக்கிழமைக்கு முன்னால் உன் கைக்கு வந்து சேர வேண்டும். வந்து சேர்ந்தால் உட்கார்ந்து முழுதாகப் படி. பாதியில் கோபம் வந்தால் தண்ணீர் குடித்துவிட்டு மீதியைப் படி.

நான் எப்படி எழுதப் படித்தேன் என்று நீ கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் பாதிக் கதை உனக்கு அப்போதே தெரிந்திருக்கும். இந்த வருசத் தொடக்கத்தில் பிள்ளையை முன்பள்ளியில் சேர்த்தபோது அவள் உள்ளே போக மாட்டேன் என்று என் வேட்டியைப் பிடித்துக்கொண்டாள். பிறந்த நாற்பது நாள் தொட்டுத் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் வளர்ந்த பிள்ளை அவள். அங்கே ஆயா தூக்குவார், ஊட்டுவார், தட்டித் தூங்கவைப்பார். முன்பள்ளியில் நாற்காலி போட்டு, தானாக உட்கார் என்றார்கள். செல்வி விடியும் முன்னே ரப்பர் மலைக்குப் பால் வெட்டப் போய்விடுகிறாள். அதனால் நான்தான் அவளோடு உள்ளே போய், அந்தச் சின்ன நாற்காலியில் முழங்கால் காதுக்கு வர உட்கார்ந்தேன். ஒரு கிழமை உட்கார்ந்தால் போதும் என்றார்கள். மேரி டீச்சர் ஒரு நாள், "தாத்தா, சும்மா ஒக்காந்து கொட்டாவி விட்டா புள்ளைங்களும் கொட்டாவி விடுதுங்க. இந்தாங்க, நீங்களும் எழுதுங்க" என்று ஒரு கொப்பியைக் கையில் கொடுத்தார். அன்றைக்கு அகரம் எழுதினேன். பக்கத்தில் இருந்த பொடியன் எட்டிப் பார்த்து, "டீச்சர், இந்தத் தாத்தா அ-வுக்கு வால் போடல" என்று கோள் சொன்னான். அவனை எனக்கு அப்போதே பிடித்துப்போனது.

அப்புறம் ஒரு கிழமை போய் ஒரு மாதம் ஆயிற்று, மழைக்காலமும் வந்து போயிற்று, நான் அந்த நாற்காலியை விட்டு எழும்பவே இல்லை. பிள்ளை அழுவாள் என்று சொல்லிக்கொண்டேன். உண்மையில் அவள் அழுகையை எப்போதோ நிறுத்திவிட்டாள். எனக்குத்தான் எழும்ப மனமில்லை. ரவி, அந்தச் சந்தோசத்தை உனக்கு எப்படிச் சொல்வது? நாம் இருக்கும் லயத்து வரிசை வீட்டுச் சுவரில் தேர்தலுக்கு ஒட்டிய தாள், அரிசி மூட்டை, மருந்துப் போத்தல், பஸ்ஸின் நெற்றி, எல்லாம் இத்தனை வருசமாக வாயை மூடிக்கொண்டு இருந்தவை. ஒவ்வொன்றாக என்னிடம் பேசத் தொடங்கின. மத்தியானம் வீட்டுக்கு வந்தால் எப்போது விடியும் என்று இருக்கும்.

வருசக் கடைசி நெருங்கியதும் டீச்சர் பெற்றோரை எல்லாம் கூப்பிட்டுக் கூட்டம் வைத்தார். செல்வி பால் வாளியோடு அப்படியே வந்திருந்தாள். எல்லாரும் கேட்டது ஒரே கேள்விதான்: பிள்ளைக்கு எழுத்து எல்லாம் தெரியுமா, நூறு வரைக்கும் எண்ணத் தெரியுமா? டீச்சர் சொன்னார், "எழுத்து தெரியலன்னா பெரிய பள்ளிக்கூடத்துல சொல்லிக் குடுப்பாங்க. சாப்பாட்டுப் பெட்டியத் தொறக்கத் தெரியலன்னா புள்ள பசியோடதான் வரும். ஒண்ணுக்குப் போகணும்னு கேக்கத் தெரியலன்னா நனைஞ்சுதான் வரும். அங்க நாப்பது புள்ள, ஒரு டீச்சர். சப்பாத்து வார் போடுறது, மூக்குத் தொடைக்கிறது, தண்ணிப் போத்தல மூடுறது, இதுங்கள வீட்டுல பழக்குங்க. ஊட்டாதீங்க. தூக்காதீங்க." ஒருத்தி எழும்பி, "அப்ப இவ்ளோ நாளா எதுக்கு டீச்சர் எழுத்து?" என்று கேட்டாள். "நீங்க கேட்டீங்கன்னுதான்" என்றார் டீச்சர். எல்லாரும் சிரித்தார்கள். கூட்டம் முடிந்து என்னை மட்டும் நிற்கச் சொன்னார்.

"தாத்தா, ஒங்கள வெளிய போங்கன்னு சொல்ல எனக்கு வாய் வரல. ஆனா ஜனவரியில அந்தப் புள்ள பக்கத்துல யாரு ஒக்காருவா?"

"மெய்யெழுத்து இன்னும் முடியலியே டீச்சர்" என்றேன். என் வாயில் வந்தது அதுதான்.

"ஒங்களுக்கு நான் சாயங்காலம் சொல்லித்தாறேன். காலையில இது புள்ளைங்க எடம். நீங்க இருக்கிற வரைக்கும் அவ எதுக்கும் வாயத் தொறக்க மாட்டா. பென்சில் வேணும்னாக்கூட ஒங்க முகத்தத்தான் பாக்குறா."

அது உண்மை. நான் பக்கத்தில் இருந்தும் அதைப் பார்க்கவில்லை. மறுநாளிலிருந்து அவளை வாசலில் விட்டேன். அவள் என் வேட்டியைப் பிடிக்கவில்லை. திரும்பித் திரும்பிப் பார்த்தாள், போய் உட்கார்ந்தாள். நான்தான் தண்ணீர்ப் பீலி வரைக்கும் நடந்துபோய், அங்கே நின்று முகம் கழுவினேன்.

இனி அந்த நாளுக்கு வருகிறேன். மேரி டீச்சர் பிள்ளைகளை டவுனில் இருக்கும் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்கு ஒரு காலை நேரம் கூட்டிக்கொண்டு போனார். ஜனவரியில் போகப்போகிற வகுப்பைப் பார்த்துப் பழகட்டும் என்று. பெரியவர்கள் யாரும் உள்ளே வரக் கூடாது, கேட்டுக்கு வெளியில் நிற்கலாம் என்றார்கள். "தாத்தா எங்க நிப்பீங்க?" என்று பிள்ளை கேட்டாள். "இந்தா, இந்தத் தூணுகிட்டயே நிப்பேன்" என்று கையால் தட்டிக் காட்டினேன். அவளும் ஒரு முறை தட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். நான் நின்றேன். கொஞ்ச நேரம் நின்றேன். எதிரில் கடைத்தெரு முழுக்கப் பெயர்ப்பலகை. மேலே சிங்களம், கீழே நம் எழுத்து. பார்மசி என்று படித்தேன். அடுத்தது சலூன். அடுத்தது லொத்தர்ச் சீட்டு. அடுத்த பலகையில் ஒரு எழுத்து மழையில் அழிந்திருந்தது, அது என்னவென்று பார்க்கப் பக்கத்தில் போனேன். அங்கிருந்து அடுத்தது. அப்படியே சந்தைத் திருப்பம் வரைக்கும் போய்விட்டேன் ரவி. நான் தூணை விட்டு நகர்ந்தது எனக்கே தெரியாது.

உள்ளே நடந்தது பிற்பாடு தெரிந்தது. அங்கிருந்த டீச்சர் ஒவ்வொரு பிள்ளையாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறார். ரவீந்திரன் அபிஷா என்று கூப்பிட்டபோது யாரும் எழும்பவில்லை. இன்னும் ஒரு முறை கூப்பிட்டார், அப்போதும் இல்லை. நம் பிள்ளை சும்மா உட்கார்ந்திருக்கிறாள். யாரைக் கூப்பிடுகிறார்கள் என்று அவளும் சுற்றிப் பார்த்திருக்கிறாள். பிள்ளைக் காம்பராவில் ஆயா குட்டி என்று கூப்பிட்டார், அதைக் கேட்டு நாமும் குட்டி என்றோம், லயம் முழுக்கக் குட்டி என்றது, முன்பள்ளியிலும் அது அப்படியே ஒட்டிக்கொண்டது. நீயும் போனில் குட்டி என்பதைத் தவிர வேறு சொன்னதில்லை. பிறப்புப் பத்திரத்தில் இருக்கும் பெயரைச் சொல்லி அவளை நம்மில் ஒருவரும் கூப்பிட்டதே இல்லை. கடைசியில் பெயர் சொல்லாமல் மிஞ்சி நின்ற பிள்ளை இவள் ஒருத்திதான். யாரோடு வந்தாய் என்று அந்த டீச்சர் கேட்டார். தாத்தா என்றாள். தாத்தா கதவடியில் நிற்கிறார் என்று நினைத்து, போய்க் கூட்டிக்கொண்டு வா என்று சொல்லிவிட்டார். மேரி டீச்சர் அப்போது பள்ளிக்கூட அதிபரோடு பேசிக்கொண்டிருந்தார்.

அவள் எழும்பி வந்தாள். கேட் காவலாளி வேறு பக்கம் பார்த்திருக்க வேண்டும். தூணடிக்கு வந்தாள். தூண் இருந்தது, நான் இல்லை.

நான் திரும்பி வந்தபோது மேரி டீச்சர் சப்பாத்து இல்லாமல் ரோட்டில் ஓடிக்கொண்டிருந்தார். அதைப் பார்த்ததும் எனக்குப் புரிந்தது. ரோட்டில் ஒன்றன்பின் ஒன்றாகப் பஸ் போகிறது, லொறி போகிறது, த்ரீவீல்கள் ஊதிக்கொண்டு போகின்றன. வடைக்கடைக்குள் பார்த்தேன். ரோட்டோரச் சாக்கடைக் கானுக்குள் குனிந்து பார்த்தேன். குட்டி, குட்டி என்று கத்தினேன், பெயர் சொல்லிக் கத்த எனக்கும் வரவில்லை. ஒரு அம்மா என் கையைப் பிடித்து என்ன உடுப்பு என்று கேட்டார். காலையில் நானே போட்டுவிட்ட உடுப்பு, நிறம் ஞாபகம் வரவில்லை. அந்த நேரம் எவ்வளவு என்று எனக்குத் தெரியாது. நீ போனில் கேட்டாயே, எவ்வளவு நேரம் பிள்ளையைத் தொலைத்தீர்கள் என்று. அதற்குப் பதில் சொல்ல என்னால் முடியாது. இப்போதும் கண்ணை மூடினால் அந்த ரோடுதான் வருகிறது.

பஸ் ஸ்டாண்டிலிருந்து ஒரு விசில் சத்தம் விடாமல் கேட்டது. நம் தோட்டத்துக்கு வரும் பஸ்ஸின் கண்டக்டர் ஃபுட்போர்டில் நின்று ஊதிக்கொண்டு என்னைப் பார்த்துக் கையை ஆட்டினார். "மே சீயா, என்ன, என்ன! பபா அபிட்ட யன்ன தென்னே நே!" என்றார். வாங்க தாத்தா, வாங்க, பிள்ளை எங்களைப் போக விடமாட்டேன் என்கிறாள் என்று அர்த்தம். அவள் பஸ் படியில் இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கண்டக்டரிடம் அவளுக்குத் தெரிந்த சிங்களத்தில், சீயா வருவார், பஸ்ஸை விடாதீங்க என்று சொல்லியிருக்கிறாள். எந்தத் தோட்டம், எந்தப் பிரிவு என்று அவர் கேட்டதற்கும் சரியாகச் சொல்லியிருக்கிறாள். பஸ்ஸில் இருந்தவர்கள் மணியடிக்கச் சொல்லிச் சத்தம் போட்டும் அவள் இறங்கவில்லை. என்னைக் கண்டதும் அழுவாள் என்று நினைத்தேன். அவள் கோபத்தோடு கேட்டாள், "எங்க போனீங்க தாத்தா? தூணுகிட்ட நிப்பேன்னுதானே சொன்னீங்க? ஒங்கள டீச்சர் கூப்பிடுறாங்க, நீங்க காணாமப் போயிட்டீங்க!"

தொலைந்துபோனது நான் என்றுதான் அவள் நினைத்திருக்கிறாள். என்னைத் தேடி, நான் எங்கே வந்தாக வேண்டும் என்று யோசித்து, அந்த இடத்தில் போய் நின்றிருக்கிறாள். இதைச் சொல்லி நான் தப்பித்துக்கொள்ளப் பார்க்கவில்லை. அந்த ரோட்டை அவள் தனியாகத் தாண்டியிருக்கிறாள். எந்த டிரைவரோ பிரேக் போட்டிருக்கிறார், அவர் யாரென்று கூட எனக்குத் தெரியாது. நீ கோபப்பட்டது சரி. என்னிடம் கோபப்பட்டிருந்தால் இன்னும் சரி. பால் வெட்டப் போன செல்வியிடம், கிழவனிடம் பிள்ளையை விட்டுவிட்டு எங்கே போனாய் என்று கேட்டாயே, அதுதான் சரியில்லை. உன் சம்பளம் வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் போன மிச்சத்தில் வீடு நடக்காது என்றுதானே அவள் இருட்டில் மலை ஏறுகிறாள்.

உன் அக்காவும் என் பிள்ளைதான். அவள் நன்றாகவே பார்ப்பாள், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் நீ பள்ளிக்கூடம் போன கதை உனக்கு ஞாபகம் இருக்கிறதா? மத்தியானத்துக்கு முன்னே தேயிலைக்குள் புகுந்து வீட்டுக்கு ஓடி வருவாய். பையைக் கானில் போட்டுவிட்டு வருவாய். வயிற்றுவலி என்பாய், மாடு முட்ட வந்தது என்பாய். ஒரு நாள் வாத்தியாருக்குக் காய்ச்சல், பள்ளிக்கூடம் இல்லை என்றாய். அந்த வாத்தியார் உன் பின்னாலேயே வந்து நின்றார். உன் அம்மா உன்னை அடிக்கவில்லை. உன்னை அவளுடைய தாய்வீட்டுக்கு அனுப்பிப் படிக்கவைப்போம் என்று நான் சொன்னேன். "ஓடி வாறதுக்கு அவனுக்கு ஒரு வீடு இருக்கட்டும். இங்கன்னா ஓடிவந்த வழியில திருப்பி அனுப்பிக்கலாம். அங்கருந்து எங்க ஓடுவான்?" என்றாள். தேத்தண்ணி குடிக்கவைத்து, முகத்தைத் துடைத்து, வந்த வழியைக் காட்டுவாள். நீ திரும்பிப் போவாய். எத்தனை தடவை போனாய் என்று அவள் கணக்கு வைக்கவில்லை. ஒரு நாள் நீ ஓடி வரவில்லை. அன்றைக்கு அவள் மத்தியான வேலைக்கே போகாமல் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அபிஷா வத்தளையில் இருந்து எங்கே ஓடி வருவாள், சொல்.

நீ போனை வைத்த பிறகு நாங்கள் சும்மா இருக்கவில்லை. மேரி டீச்சர் வீட்டுக்கே வந்து, "இனிமே குட்டி கிட்டின்னு யாரும் கூப்புடக் கூடாது" என்று சொல்லிவிட்டுப் போனார். லயத்தில் இப்போது இதே பாட்டுதான். இந்தப் பக்கம் அபிஷா என்கிறார்கள், அந்தப் பக்கம் அபிஷா என்கிறார்கள். முதல் நாள் அவள் திரும்பிப் பார்க்கவே இல்லை. மறுநாள் பக்கத்துக் காம்பரா மாரியாயி, "ஏ அபிஷா, ஒனக்குத்தான்டி!" என்று கத்தியதும் பிள்ளைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இப்போது உள்ளேன் டீச்சர் என்று கையைத் தூக்குகிறாள், மாரியாயிக்கும் தூக்குகிறாள். சாப்பாட்டுப் பெட்டியின் மூடி இறுக்கம், அதைத் தொடையில் அழுத்திக்கொண்டு திறக்கப் பழகிவிட்டாள். சப்பாத்தை மட்டும் இன்னும் மாற்றித்தான் போடுகிறாள். செல்வி அதைத் திருத்தக் கையை நீட்டுவாள், பிறகு கையை முந்தானைக்குள் சுருட்டி வைத்துக்கொள்வாள். அவளுக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று நான் பார்க்கிறேன். ஜனவரியில் காலையில் கேட் வரைக்கும் நான் கொண்டுபோய் விடுவேன், அங்கிருக்கும் டீச்சர் கையில் கொடுத்துவிட்டுத்தான் திரும்புவேன். பள்ளிக்கூடம் விடும் நேரத்துக்குச் செல்வி பாலைக் கொடுத்துவிட்டு நேராக டவுனுக்கு வந்துவிடுவாள், கங்காணியிடம் பேசிவிட்டாள். அவள் தானாகவே போய்ப் பேசினாள், நான் சொல்லிக்கொடுக்கவில்லை. காவலாளியிடம் மேரி டீச்சர் பேசிவிட்டார், நன்றாகவே பேசினார், அந்த மனுசன் இப்போது எங்களைக் கண்டால் எழும்பி நிற்கிறார்.

சனிக்கிழமை காலையில் முன்பள்ளியில் விடுகை விழா. பிள்ளைகளுக்குக் கறுப்புத் தொப்பி வைத்து, பெயர் சொல்லிக் கூப்பிட்டு, மேடையில் சான்றிதழ் கொடுப்பார்கள். இதைக் கேள். மேரி டீச்சர் எனக்கும் ஒன்று எழுதி வைத்திருக்கிறார். "தாத்தா, நீங்களும் தொப்பி போட்டுக்கிட்டு ஏறணும்" என்றார். அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. இந்த வயதில் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, நான் எழும்பிப் போய் ஒரு தாளை வாங்கி, அதில் இருப்பதை நானே படிப்பது என்றால் சும்மாவா! மறுநாள் போய் வேண்டாம் என்று சொன்னேன். டீச்சருக்கு முகம் விழுந்துவிட்டது. நான் மேடைப் பக்கம் இருந்தால் அபிஷா என் கையைப் பிடித்துக்கொண்டு ஏறுவாள் டீச்சர், அவள் தனியாக ஏற வேண்டும் என்றேன்.

அதனால் உன்னிடம் கேட்பது இதுதான். சனிக்கிழமை பிந்தி வராதே. வெள்ளிக்கிழமை வேலை முடிந்ததும் புறப்பட்டு வரக்காப்பொலை பஸ்ஸைப் பிடி, எப்படியாவது வந்து சேர். காலையில் நாம் இரண்டு பேரும் கடைசி வரிசையில் உட்காருவோம். அவள் பெயரைக் கூப்பிடும்போது நீ கையை ஆட்டாதே, குட்டி என்று கத்தாதே. அவள் திரும்பி நம்மைப் பார்த்தாலும் பேசாமல் இரு. எனக்கும் அது கஷ்டமாகத்தான் இருக்கும். அவள் எழும்பாமலே இருந்துவிடலாம், நடுவில் நின்று அழலாம், அதையும் நான் மறைக்கவில்லை. என்ன நடந்தாலும் பார். பார்த்த பிறகு நீ முடிவு செய். கூட்டிப்போவதுதான் என்றால் நான் மறிக்க மாட்டேன், பையை நானே பஸ் வரைக்கும் தூக்கி வருவேன். ஆனால் அதை அவளிடம் நீதான் சொல்ல வேண்டும், செல்வி சொல்ல மாட்டாள், என்னாலும் முடியாது. அவளுடைய உடுப்பில் ஒன்றைக் கூடச் செல்வி இன்னும் எடுத்து வைக்கவில்லை. நானும் எடுத்து வை என்று சொல்லவில்லை.

கை வலிக்கிறது, நான் எழுதும் விளக்குக் கம்பத்தடியில் பூச்சி மொய்க்கத் தொடங்கிவிட்டது. அடுத்த கிழமையும் உனக்கு எழுதுவேன், அதில் மாற்றமில்லை. உனக்கு மட்டும் ஒரு கடிதமா, வத்தளைக்கும் சேர்த்து இரண்டா என்பதை மட்டும் சனிக்கிழமை நீ வந்து சொல்.

இப்படிக்கு,
அப்பா